மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பறக்கலாம்

2023 ஜூன் மாதம் திருவனந்தபுரம் மிருகக்காட்சி சாலையிலிருந்து ஓர் அனுமன் குரங்கு தப்பியது. திருப்பதியிலிருந்து புதிதாக வந்திருந்த பெண் குரங்கு அது. மரம் மரமாகத் தாவி நகரத்தைச் சுற்றியது. மூன்று வாரங்களுக்கும் மேலாக ஊழியர்கள் அண்ணாந்து பார்த்தபடி பின்னால் அலைந்தார்கள். கடைசியில் ஜூலையில் ஜெர்மன் கலாச்சார மையத்தின் கழிப்பறையில் அகப்பட்டது. அதுவரை அது பட்டினி கிடக்கவில்லை. மரங்களில் தளிர் இருந்தது. பறித்துத் தின்ன அதற்குத் தெரிந்திருந்தது.

அதே ஊரில், கரமனையிலோ பேரூர்க்கடையிலோ ஒரு வீட்டு வராந்தாவில் தொங்கும் கூண்டுக்குள் இருக்கும் பட்ஜிக்கு அது தெரியாது. கிண்ணத்தில் விழும் தினைதான் அதன் உலகம். கடைக்காரர்கள் இதை 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்கிறார்கள். உண்மையான லவ் பேர்ட்ஸ் ஆப்பிரிக்காவின் பறவை. பட்ஜி ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதியைச் சேர்ந்த சின்னக் கிளி. நீரும் விதையும் தேடிக் கூட்டம் கூட்டமாக வெகுதூரம் பறக்கும் ஜாதி. பறவையியல் அறிஞர் ஜான் கூல்ட் 1840-இல் இதை உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து உலகமெங்கும் கூண்டு கூண்டாகப் பரவிவிட்டது. இந்தியாவில் பச்சைக்கிளி வளர்ப்பது சட்டப்படி குற்றம். அயல்நாட்டுப் பறவையான பட்ஜிக்கு அந்தத் தடை இல்லை. அதனால் கிளி ஆசை இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது.

பறவைகளுக்குப் பறக்கும் உரிமை உண்டு, சிறு கூண்டில் அடைக்க மனிதருக்கு உரிமை இல்லை என்று 2015 மே மாதம் டில்லி உயர் நீதிமன்றம் கூறியது. போதிய நீள, அகல, உயரம் இல்லாத கூண்டில் பிராணியை அடைப்பது குற்றம் என்று 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டமும் சொல்கிறது. இதையெல்லாம் படித்து மனம் இளகும் நல்ல மனிதர் செய்யும் முதல் காரியம் ஜன்னலைத் திறந்துவிடுவது. பட்ஜியைப் பொறுத்தவரை அது விடுதலை அல்ல, மரண தண்டனை. காக்கைக்கும் பருந்துக்கும் பஞ்சமில்லாத ஊர் திருவனந்தபுரம். பசுமைக்கு நடுவே பளிச்சென்ற மஞ்சளும் நீலமும் ஒளியத் தெரியாமல் மாட்டிக்கொள்ளும். தப்பினால் தென்மேற்குப் பருவமழை இருக்கிறது. அப்படியானால் அந்த உரிமையை எங்கே கொடுப்பது? வீட்டு அறைக்குள்தான்.

ஆனால் கூண்டைத் திறந்தால் பட்ஜி பறந்துவிடுமா? பெரும்பாலும் பொத்தென்று தரையில் விழும். காரணம், விற்பதற்கு முன்பே சிறகு நறுக்கப்பட்டிருக்கும். இறகு நம் நகத்தைப் போன்றது, நறுக்கினால் வலிக்காது. ஆனால் நகத்தைப் போல நறுக்கிய இடத்திலிருந்து வளராது. அந்த அடித்தண்டு உதிர்ந்து புதிய இறகு முளைக்க வேண்டும். அதற்கு மாதங்கள் ஆகலாம். முளைக்கும் புதிய தண்டுக்குள் ரத்தம் ஓடும். அது முறிந்தால் ரத்தம் கொட்டும். 30 முதல் 40 கிராம் எடையுள்ள உயிருக்குச் சில சொட்டு இழப்பே பெரிது. ஆகவே முதல் பாடம் பறவைக்கல்ல, வளர்ப்பவருக்கு: பொறுமை.

இறகு வளர்ந்த பிறகும் இன்னொரு தடை உண்டு. பட்ஜிக் குஞ்சு சுமார் ஐந்து வாரத்தில் கூட்டைவிட்டுப் பறக்கத் தொடங்கும். அந்த வயதில் கூண்டுக்குள் போனதற்கு மார்புத் தசை வலுப்பட வாய்ப்பே கிடைத்திருக்காது. 'தைரியம் வரட்டும்' என்று உள்ளங்கையிலிருந்து மேலே எறிகிறவர்கள் உண்டு. இது கொடுமை. விழுந்தால் மார்பெலும்பு உடையும். உடையாவிட்டாலும் கையைக் கண்டாலே பயம் வரும்.

சரியான வழி மெதுவானது. விரலில் உட்காரப் பழகிய பறவைக்கு ஒரு சாண் தூரத்தில் ஒரு குச்சியை வைத்து, அதன் அருகே தினைக்கதிரைக் காட்ட வேண்டும். முதல் நாள் எட்டிப் பார்க்கும். பிறகு தாவும். இடைவெளியை விரற்கடை விரற்கடையாக நீட்டினால், ஒரு நாள் தாவல் போதாமல் சிறகை அடிக்கும். உயரம் குறைவாக, கீழே மெத்தையோ போர்வையோ இருப்பது நல்லது. வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அன்றைய பாடம் முடிந்தது. கிளம்புவதைவிட இறங்குவது கடினம். திரைச்சீலையில் மோதித் தொங்கும் பறவையைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது, அது பாடத்தின் பாதி.

அதற்கு முன் அறையைத் தயார் செய்ய வேண்டும். மின்விசிறி நிற்க வேண்டும். கேரளத்தின் புழுக்கத்தில் இது தியாகம்தான், ஆனால் இதில் சமரசம் இல்லை. கண்ணாடி ஜன்னலுக்கும் நிலைக்கண்ணாடிக்கும் துணி போட வேண்டும். கண்ணாடி என்ற ஒன்று இருப்பது பறவைக்குத் தெரியாது. பூனைக்கு அனுமதியில்லை. சமையலறைக் கதவு மூடியிருக்க வேண்டும். கொதிக்கும் எண்ணெய், திறந்த தண்ணீர்ப் பாத்திரம் இரண்டும் ஆபத்து. ஒட்டாத பூச்சுள்ள தோசைக்கல் அளவுக்கு மீறிச் சூடானால் கிளம்பும் புகை பறவையை நிமிடங்களில் கொல்லும்.

எல்லாப் பட்ஜியும் பறந்துவிடும் என்று சொல்ல முடியாது. சிலவற்றுக்கு வைரஸ் நோயால் சிறகிறகும் வாலிறகும் மீண்டும் மீண்டும் உதிர்கின்றன. அவை வாழ்நாள் முழுக்க ஓடியே திரியும். இறகு சமச்சீராக வளரவில்லை என்றால் பயிற்சியை நிறுத்திவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். பறக்காத பறவைக்கு உயரமான கூண்டைவிட அகலமான கூண்டும், தாழ்வான குச்சிகளும் வேண்டும். பறக்கும் பறவைக்கும் அகலமான கூண்டே நல்லது.

சங்க காலத்துக் குறிஞ்சிப் பெண்ணின் வேலை தினைப்புனத்திலிருந்து கிளியை ஓட்டுவது. கேரளத்தில் எழுத்தச்சன் கிளியின் வாயிலாகவே ராமாயணம் பாடினார். இன்று ஒரு ஃபிளாட்டில் பள்ளிப் பிள்ளை தினைக்கதிரை நீட்டி, 'வா, வா' என்று கிளியை அழைக்கிறது. அன்று பறந்து போகாதா என்று ஏங்கினார்கள், இன்று பறந்து வராதா என்று ஏங்குகிறார்கள்.

வருகிற நாளில் அது அறையை இரண்டு சுற்றுச் சுற்றி, புத்தக அலமாரி மேல் உட்கார்ந்துகொண்டு இறங்க மறுக்கும். துரத்த வேண்டாம். கூண்டுக் கதவைத் திறந்து வைத்து, உள்ளே தினையைப் போட்டுவிட்டுக் காத்திருந்தால் போதும். பசித்ததும் தானாக உள்ளே போகும். அதன் பிறகு மின்விசிறியைப் போட்டுக்கொள்ளலாம்.