இணையத் தமிழுக்கு ஒரு சீர்: லா சப்பலிலிருந்து ஒரு நிலைப்பாட்டு அறிக்கை

ஊர்க்காரி ஒருவரின் மரண அறிவித்தலைத் தேடிக் களைத்துப்போய் அண்மையில் ஒரு தாய் எங்களிடம் வந்தார். இறந்தவரின் பெயர் கௌசல்யா. இறுதிக்கிரியை எங்கே, எத்தனை மணிக்கு என்று அறியத் தொலைபேசியில் அந்தப் பெயரை எழுதித் தேடியிருக்கிறார். எதுவும் வரவில்லை. அறிவித்தலோ இரண்டு நாளாக இணையத்தில் இருந்தது. அதைத் தட்டெழுதியவர் ‘கௌ’ என்ற ஓரெழுத்தை இடாமல், ‘கெ’ எழுதிப் பக்கத்தில் ‘ள’ வைத்திருந்தார். பார்க்கிற கண்ணுக்குக் கௌசல்யாவும் கெளசல்யாவும் ஒன்றுதான். தேடுகிற கருவிக்கு இருவரும் வேறு ஆட்கள். நாங்கள் அறிவித்தலைக் கண்டுபிடித்துக் கொடுத்தபோது கிரியை முடிந்திருந்தது.

பாரிஸ் நகரின் லா சப்பல் பகுதியிலும் அதன் சுற்றுவட்டத்திலும் இணையத்துக்குத் தமிழ் எழுதுகிறவர்கள், மொழிபெயர்க்கிறவர்கள், பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவர்கள் சேர்ந்த அமைப்பு எங்களுடையது. எங்களில் யாழ்ப்பாணத்தாரும் மட்டக்களப்பாரும் புதுச்சேரியாரும் தமிழ்நாட்டாரும் உண்டு. எழுத்து, இடைவெளி, சிறுகோடு, சொல்லாட்சி ஆகியவற்றில் நாம் எந்த ஒழுங்கைக் கைக்கொள்வது என்று எங்களுக்குள்ளேயே நீண்ட நாள் வாதாடியிருக்கிறோம். வாதத்தின் முடிவில் எல்லோரும் ஒத்துக்கொண்டதை இங்கே பகிரங்கமாக வைக்கிறோம்.

எங்கள் நிலைப்பாடு

உலகத் தமிழர் எல்லோரும் ஒரே மாதிரி எழுத வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. ஒரு பக்கத்தை எழுதுகிறவர் அந்தப் பக்கம் முடியும்வரை ஒரே மாதிரி எழுத வேண்டும் என்று கேட்கிறோம். செய்தி, அறிவித்தல், வழிகாட்டி, பாடம், மொழிபெயர்ப்பு என்று பிறர் நம்பி வாசிக்கும் எழுத்து எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். கதை, கவிதை, நண்பர்களுக்குள் போகும் செய்தி ஆகியவற்றுக்குள் நாங்கள் நுழையவில்லை. அங்கே பேச்சுத் தமிழுக்கு முழு உரிமை உண்டு.

இன்றைய நிலை

லா சப்பல் மெட்ரோவில் இறங்கி ஃபோபூர் செந்தெனி வீதியில் நடந்தால், ‘மரக்கறிக் கடை’ என்றும் எழுதுகிறோம், ‘மரக்கறி கடை’ என்றும் எழுதுகிறோம் என்பது தெரியும். வீதியில் அதனால் நட்டம் குறைவு. வாசலில் கத்தரிக்காயும் முருங்கைக்காயும் குவித்திருப்பதைப் பார்த்து யாரும் உள்ளே போய்விடுவார்கள். இணையத்தில் அந்த வாசல் இல்லை. எழுத்து ஒன்றுதான் அங்கே வழி.

அந்த வழியில் நாம் நிற்கும் ஊரின் பெயரே பாரிஸ், பாரீஸ், பரிஸ், பாரிசு என்று நாலாகக் கிடக்கிறது. லா சப்பல், லாச்சப்பல், லா சப்பேல் என்று இந்தப் பகுதியும் அப்படியே. பஜோல் வீதியிலுள்ள மாணிக்க விநாயகர் ஆலயத்தின் தேர் கோடை முடிவில் இந்த வீதிகளைச் சுற்றி வரும்போது பாரிஸ் முழுவதும் திரும்பிப் பார்க்கிறது. அந்த விழாவைப் பற்றி எழுதும் நாமோ தேர்த்திருவிழா, தேர் திருவிழா, தேர்த் திருவிழா, இரதோற்சவம் என்று ஒரே அறிவித்தலுக்குள்ளேயே மாற்றி மாற்றி எழுதுகிறோம். இவற்றில் பல தனித்தனியே சரியான வடிவங்கள்தான். கலந்து எழுதும்போதுதான் தேடுகிறவர் தவறவிடுகிறார், தமிழைப் புதிதாகப் படிக்கும் பிள்ளை எது சரியென்று தெரியாமல் நின்றுவிடுகிறது.

நாங்கள் ஒத்துக்கொண்ட நெறிகள்

1. இரு வழக்கும் சரி, ஒரு பக்கத்தில் ஒன்றே.

ஈழத்தவர் ரொறன்றோ என்று எழுதுகிறார்கள், தமிழ்நாட்டவர் டொராண்டோ என்று எழுதுகிறார்கள். இதில் ஒருவரும் பிழை விடவில்லை. ஆங்கிலத்தில் அந்தப் பெயரிலுள்ள t ஒலி, நாக்கின் நுனி மேல்பல்லின் ஈறில் தொட்டுப் பிறப்பது. ‘காற்று’, ‘வெற்றி’ என்று ஈழத்தில் சொல்லும்போது றகரமும் அதே இடத்தில்தான் பிறக்கிறது. ஆகவே அவர்கள் ற எழுதினார்கள், சொல்லின் முதலில் ற வராது என்பதால் அங்கே ர வைத்தார்கள். தமிழ்நாட்டவர் அதற்குக் கிட்டிய ஒலியாக டகரத்தைக் கொண்டார்கள்.

கோயில், கோவில் என்பதும், மேன்முறையீடு, மேல்முறையீடு என்பதும், வைத்தியசாலை, மருத்துவமனை என்பதும் இப்படியே. எழுதுகிறவர் தமக்கு உரியதைத் தெரிவுசெய்யட்டும். தெரிவுசெய்ததைக் கடைசி வரிவரை காக்கட்டும். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் இரு நாட்டவரும் சேர்ந்து எழுதுகிறார்கள். அங்கே ஒரு வடிவத்தில் தேடினாலும் மற்ற வடிவத்திலுள்ள கட்டுரைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க ‘வழிமாற்று’ என்ற ஏற்பாடு உண்டு. நம் பக்கங்களிலும் முக்கியமான பெயரின் மறுவடிவத்தை ஓரிடத்தில் குறித்துவைத்தால் யாரும் தவறிப்போகமாட்டார்கள்.

2. பிரெஞ்சுப் பெயரைப் பிரெஞ்சுக் காதால் கேட்டு எழுத வேண்டும்.

எங்கள் வாதங்களில் மிக நீண்டது இதுதான், மிக நல்ல முடிவு கிடைத்ததும் இதில்தான். மேலே சொன்ன றகர, டகர வழக்குகள் இரண்டுமே ஆங்கில ஒலிக்காகப் பிறந்தவை. பிரெஞ்சில் அதே எழுத்துக்கு நாக்கு பல்லைத் தொடுகிறது, நம் தகரத்தைப்போல. எனவே இங்கே டகரமும் வேண்டாம், றகரமும் வேண்டாம். இரு வழக்கினரும் தம்முடையதை விட்டுக்கொடுக்காமலே தகரத்தில் சந்திக்கலாம்.

நாம் நாள்தோறும் நடக்கும் வீதியையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘சென்ட் டெனிஸ்’ என்று எழுதினால் பிரெஞ்சுக்காரர் சொல்லாத இரண்டு மெய்கள் நம் எழுத்தில் ஒலிக்கின்றன. ‘செந்தெனி’ என்று எழுதினால், நகரத்தின் பின் வரும் தகரம் தானாகவே மெலிந்து, பிரெஞ்சு ஒலிக்குக் கிட்ட வந்துவிடுகிறது. தமிழ் எழுத்து முறைக்கும் அது இயல்பு. அதேபோல ‘கார் டு நோர்ட்’ வேண்டாம், ‘கார் து நோர்’ போதும். 18ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியில் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை பிரெஞ்சுக்காரரின் பெயர்களை அவர்களுடைய வாயிலிருந்தே கேட்டுத் தமிழில் எழுதினார். இடையில் ஆங்கிலம் நிற்கவில்லை. பிரான்ஸில் வாழும் நமக்கும் அது நிற்கத் தேவையில்லை.

வேரூன்றிவிட்ட பெயர்களை நாங்கள் தொடவில்லை. பாரிஸ் என்பதன் கடைசி மெய்யைப் பிரெஞ்சுக்காரர் ஒலிப்பதில்லை. ஆனாலும் தமிழில் அது நிலைத்துவிட்ட பெயர், அப்படியே இருக்கட்டும்.

3. பொருளை மாற்றும் ஒற்றும் இடைவெளியும் விருப்பத்துக்கு உரியவை அல்ல.

‘வேலை கொடுத்தார்’ என்றால் தொழில் கொடுத்தார். ‘வேலைக் கொடுத்தார்’ என்றால் வேலாயுதத்தைக் கொடுத்தார். ‘தந்த பெட்டி’ ஒருவர் கொடுத்தது, ‘தந்தப் பெட்டி’ யானைத் தந்தத்தால் செய்தது. ஒற்றெழுத்தை ஒப்பனை என்று நினைப்பவர்கள் இவற்றை ஒரு தரம் வாய்விட்டு வாசித்துப் பார்க்க வேண்டும்.

இடைவெளியும் அப்படியே. ‘பிள்ளையைப் பள்ளியில் கொண்டுவந்து விட்டார்’ என்றால் கொண்டுவந்தார், விட்டுச் சென்றார். ‘கொண்டுவந்துவிட்டார்’ என்றால் கொண்டுவரும் செயல் முடிந்தது என்பது மட்டுமே. ஆகவே விடு, கொள், இரு முதலியவை துணைவினையாக வரும்போது முன்சொல்லோடு சேர்த்தே எழுதுவோம். தான், உம், ஏ போன்ற இடைச்சொற்களையும் பிரிக்கமாட்டோம். வேண்டும், வேண்டாம் என்பவற்றைத் தனியே எழுதுவோம்.

4. சிறுகோட்டுக்கு வேலை குறைவு, அந்த வேலையைச் சரியாகச் செய்யட்டும்.

2024-ம் ஆண்டு, 2024ம் ஆண்டு, 2024 ஆம் ஆண்டு, 2024ஆம் ஆண்டு: நான்கும் இன்று புழங்குகின்றன. நாங்கள் கடைசியானதைக் கொள்கிறோம். எண்ணோடு உருபு ஒட்டியே நிற்கும், இடையில் கோடும் இல்லை, வெளியும் இல்லை. தமிழ்-பிரெஞ்சு அகராதி என்பதுபோல் சமமான இரண்டு பெயர்களை இணைக்கவும், 10-12 மணி என்பதுபோல் எல்லை காட்டவும் கோடு போதும். வரியின் முடிவில் சொல்லை உடைத்துக் கையால் கோடு போடவே கூடாது. தொலைபேசித் திரையில் வரி மாறும், அந்தக் கோடு சொல்லின் நடுவில் சிக்கிக்கொள்ளும், அதன்பின் அந்தச் சொல்லைத் தேடினால் கிடைக்காது.

சிறுகோடு எவ்வளவு பொறுப்பான குறி என்பதை இந்த நாட்டின் மொழியே காட்டுகிறது. புனிதர் தெனியைப் பற்றி எழுதினால் பிரெஞ்சில் இரு சொல்லுக்கும் நடுவே கோடு இல்லை. அவர் பெயரால் அமைந்த ஊரையோ வீதியையோ எழுதினால் கோடு வர வேண்டும். ஆளையும் இடத்தையும் அந்தச் சிறிய கோடு பிரிக்கிறது.

5. ஒரு பொருளுக்கு ஒரு சொல்.

வழிகாட்டிகளிலும் சட்டம் சார்ந்த மொழிபெயர்ப்பிலும் இது பெரிய விடயம். நம் பேச்சில் எல்லாமே ‘விசா’. நாட்டுக்குள் வரத் தரும் அனுமதியும் விசா, இங்கே தங்கியிருக்கத் தரும் அட்டையும் விசா, அட்டை வரும்வரை தரும் தற்காலிகச் சான்றும் விசா. பேசும்போது இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறோம். எழுத்தில் இவை மூன்று வேறு ஆவணங்கள், ஒவ்வொன்றுக்கும் வேறு உரிமை. எழுதும்போது விசா, வதிவிட அட்டை, தற்காலிகச் சான்று என்று பிரித்து, முதல் தடவை பிரெஞ்சுப் பெயரையும் உடன் தந்து, பின்னர் அந்தச் சொல்லையே பிடித்துக்கொள்ள வேண்டும்.

அகதிக் கோரிக்கை மறுக்கப்பட்டால் மேன்முறையீட்டுக்கு ஒரு மாதம்தான் தவணை. அதை விளக்கும் பக்கத்தில் முதல் பந்தியில் ‘மேன்முறையீடு’, அடுத்ததில் ‘அப்பீல்’, அதற்கடுத்ததில் ‘மறுபரிசீலனை’ என்று எழுதினால், பதற்றத்தோடு வாசிக்கிறவர் அவற்றை மூன்று வேறு வழிகளாக எண்ணிக்கொள்வார். அந்த ஒரு மாதத்தில் ஒரு நாளையும் அவர் நம் எழுத்தால் இழக்கக்கூடாது.

6. கண்ணுக்குச் சரியாகத் தெரிவது போதாது, குறியீடும் சரியாக இருக்க வேண்டும்.

கௌசல்யாவுக்கு நேர்ந்தது ஸ்ரீயில் தொடங்கும் பெயர்களுக்கும் நேர்கிறது. ஸகரத்தில் தொடங்கும் ஸ்ரீயும், 2005இல் ஒருங்குறியில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கும் ஶ்ரீயும் பல எழுத்துருக்களில் ஒரே உருவம். நாங்கள் முதலாவதையே பயன்படுத்துவோம். ‘ஔ’ எழுத வேண்டிய இடத்தில் ‘ஒ’வும் ‘ள’வும் வைக்கமாட்டோம். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தங்கியிருக்கும் அறிவித்தல்களையும் மலர்களையும் ஒருங்குறிக்கு மாற்றுவோம். அந்த எழுத்துரு இல்லாத கருவியில் அவை வெறும் கிறுக்கலாகத்தான் தெரிகின்றன.

மறுப்புகளுக்குப் பதில்

‘விதி சொல்ல நீங்கள் யார்?’ என்று கேட்கலாம். எங்களுக்கு அதிகாரம் இல்லை, அதனால்தான் இது உடன்பாடாக இருக்கிறது. 1635இல் தோன்றிய அக்கதெமியைக் கொண்ட பிரெஞ்சு மொழியே கட்டாயத்தை நம்பவில்லை. 1990 டிசம்பரில் அரசிதழில் வெளிவந்த எழுத்துத் திருத்தங்கள் ஏறத்தாழ 2,000 சொற்களைத் தொட்டன, எண்ணுப் பெயர்களுக்கு நடுவே சிறுகோடு போடும் முறையும் அவற்றில் ஒன்று. பழைய வடிவமும் புதிய வடிவமும் இரண்டுமே சரி என்றுதான் அங்கே முடிவாயிற்று.

‘தமிழர் எதிலும் ஒத்துப்போகமாட்டார்கள்’ என்று சொல்வோரும் உண்டு. 1935இல் பெரியார் ‘குடி அரசு’ இதழில் கையாளத் தொடங்கிய எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழ்நாடு அரசு 1978இல் ஏற்றது. சிங்கப்பூரும் மலேசியாவும் பின்பற்றின. இன்று ணை, லை, றா, னா என்று நாம் எழுதும்போது பழைய வளைவுகளும் கொம்புகளும் நினைவுக்கே வருவதில்லை. நாற்பது ஆண்டுக்கு மேல் எடுத்தது, ஆனால் நடந்தது. சுவிற்சர்லாந்தின் லோசானிலிருந்து கு. கல்யாணசுந்தரம் 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றியதும் பல நாட்டுத் தமிழர் ஒன்றுசேர்ந்து தட்டெழுதியதால்தான்.

‘இணையத்தில் விரைவுதான் முக்கியம், இதற்கெல்லாம் நேரம் ஏது?’ என்பது நியாயமான கவலை. இந்த ஆறு நெறியையும் ஒரு கடதாசியில் எழுதி மேசையில் ஒட்டினால் போதும். இரண்டு கிழமையில் கை பழகிவிடும். பிழையாக வெளிவந்த அறிவித்தலுக்கு வரும் தொலைபேசி அழைப்புகளுக்குப் பதில் சொல்வதற்கே கூடுதல் நேரம் போகும்.

எங்கள் வேண்டுகோளும் கடப்பாடும்

லா சப்பலில் கடை, ஆலயம், பள்ளி, சங்கம் ஆகியவற்றுக்காக எழுதுகிறவர்கள் தமக்கென ஒரு பக்கச் சொற்பட்டியல் வைத்துக்கொள்ளுமாறு கேட்கிறோம். தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்கள் இரு வழக்கையும் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தி, ஒரு கட்டுரைக்குள் ஒன்றையே பின்பற்றப் பழக்குமாறு கேட்கிறோம். விசைப்பலகையும் தேடுபொறியும் செய்கிறவர்கள் கௌ, ஸ்ரீ போன்ற இரட்டை வடிவங்களைத் தம் பக்கத்திலேயே ஒன்றாகக் கொள்ளுமாறு கேட்கிறோம். எழுதுகிறவர் தவறினாலும் தேடுகிறவர் தண்டனை அனுபவிக்கக்கூடாது.

எங்கள் சொந்தப் பக்கங்களில் திருத்தத்தைத் தொடங்கிவிட்டோம். முதலில் மரண அறிவித்தல்களிலிருந்து. அவற்றிலுள்ள ஒவ்வொரு பெயரையும் குடும்பத்தாரிடம் எழுத்தெழுத்தாகக் கேட்டு உறுதிசெய்கிறோம், அதே பெயரைத் தேடிப் பார்த்து அது கிடைத்த பின்னரே வெளியிடுகிறோம். இந்த அறிக்கையிலேயே எங்கள் நெறியை நாங்கள் மீறிய இடம் இருந்தால் சுட்டிக்காட்டுங்கள். திருத்தி, திருத்திய நாளையும் குறித்து வெளியிடுவோம்.