அடியெண்ணும் பட்டியும் அடைபட்ட பிள்ளையும்

பிள்ளையின் மணிக்கட்டில் அடியெண்ணும் பட்டியைக் கட்டிவிட்டால் ஓடிவிடுவானா? நாளொன்றுக்குப் பத்தாயிரம் அடி என்ற இலக்கே 1965இல் யப்பானில் விற்பனைக்கு வந்த அடிமானி ஒன்றின் பெயரிலிருந்து பரவியது. உலக சுகாதார ஸ்தாபனம் 2020இல் 5 முதல் 17 வயதினருக்கு விதந்துரைத்தது, நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடங்கள் மூச்சு வேகங்கொள்ளும் உடலசைவை. அந்த ஒரு மணித்தியாலத்தை நாம் எங்கே விட்டுவைத்தோம்? ஐந்தாந்தரப் புலமைப்பரிசிலுக்கென்று பாடசாலை விட்டதும் ரியூசன். அது முடிந்தால் இன்னொரு ரியூசன். கிளித்தட்டு மறித்த வளவுகளுக்கு மதில் எழுப்பியாயிற்று. (இதை எழுதுபவனும் தன் பிள்ளைகளை அவ்வாறே அனுப்பியவன்தான்.) நாள் முழுதும் கதிரையில் இருத்திவிட்டு, இரவில் கருவியைப் பார்த்து "ஏன் குறைந்தது?" என்று பிள்ளையை அதட்டுவது எவ்வகை நியாயம்? முதலில் மாலை வகுப்புகளில் ஒன்றையேனும் நிறுத்துங்கள். பட்டியைப் பிறகு வாங்கலாம்.