சிப்பாய் பிள்ளைக்குக் கட்டிய பள்ளி, சீமான் பிள்ளைக்கு மட்டுமா?

இமாச்சலப் பிரதேசத்தில் கசௌலிக்கு அருகே சனாவர். நமது நீலகிரியில் உதகைக்கு அருகே லவ்டேல். இரண்டு ஊர்களிலும் லாரன்ஸ் பள்ளி என்ற பெயரில், மாணவர்களும் மாணவிகளும் தங்கிப் படிக்கும் பள்ளிகள் இருக்கின்றன. முன்னது 1847இல் தொடங்கியது, பின்னது 1858இல்.

யாருக்காகத் தொடங்கினார்கள் தெரியுமா? வெள்ளைக்காரச் சிப்பாய்களின் பிள்ளைகளுக்காக! தகப்பனை இழந்த அநாதைகளுக்காக! சனாவரின் பழைய பெயரே 'லாரன்ஸ் அசைலம்', அதாவது புகலிடம். அது இந்நாட்டு ஏழைகளுக்காக அல்ல என்பது வேறு கதை. ஆனாலும் ஏழைக்காகக் கட்டியதுதான்.

இன்றைய நிலை என்ன? இத்தகைய பள்ளிகளில் ஆண்டுக் கட்டணம் பல இலட்சம். விண்ணப்பத்துக்கு ஒரு தொகை, நுழைவுத் தேர்வு, பிறகு நேர்காணல். ஆங்கிலம் பேசும் வீட்டில் பிறக்காத பிள்ளை வாசலிலேயே தடுமாறி நிற்கிறது.

உள்ளே நடப்பதை நாம் குறை சொல்லவில்லை. விடியற்காலை மணி, உடற்பயிற்சி, விளையாட்டு, இரவில் மேற்பார்வையுடன் படிப்பு, தன் வேலையைத் தானே செய்யும் பழக்கம். இவை எந்தப் பிள்ளைக்கும் நல்லவைதான். நல்லது என்பதால்தான் கேட்கிறோம்: இது ஏன் பணக்காரனுக்கு மட்டும்?

"சட்டம் இருக்கிறதே!" என்பார்கள். ஆம், இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், தனியார் பள்ளிகள் 25 சதவீத இடங்களை ஏழை, நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்குத் தர வேண்டும் என்கிறது. 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதே தீர்ப்பு இன்னொன்றையும் சொன்னது: இந்தச் சட்டம் வீட்டிலிருந்து வந்து படிப்பவர்களுக்கு மட்டுமே பொருந்தும், விடுதியில் தங்கிப் படிப்பவர்களுக்கு நீட்ட முடியாது!

பார்த்தீர்களா? தெருமுனைப் பள்ளியைப் பிடித்த சட்டம், மலை உச்சிப் பள்ளியின் விடுதி வாசலில் நின்றுவிட்டது. சிறு பள்ளிக்குக் கடமை. பெரும் பள்ளிக்கு விலக்கு! இதற்குப் பெயர் சமத்துவமா?

"கட்டணம் இல்லாமல் விடுதி நடத்த முடியுமா?" என்று கேட்பவர்கள் இங்கிலாந்தைப் பார்க்கட்டும். 1552இல் இலண்டன் ஏழைப் பிள்ளைகளுக்காகத் தோன்றிய கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிடல், இன்று ஹார்ஷம் நகருக்கு அருகே இருபாலரும் தங்கிப் படிக்கும் தனியார் பள்ளி. அங்கே பெற்றோரின் வருமானத்தைப் பார்த்துக் கட்டணத்தைக் குறைக்கிறார்கள். பழைய அறக்கொடைகளும் புதிய நன்கொடைகளும் அதைத் தாங்குகின்றன. அவர்களால் முடிந்தது இங்கே ஏன் முடியாது? மனம்தான் இல்லை!

வணிகச் சகோதரர்களே! காலை முதல் இரவு வரை கல்லாவில் நின்று சேர்த்த பணத்தைக் கொட்டி உங்கள் பிள்ளையைச் சேர்க்கிறீர்கள். தவறில்லை. ஆனால் சேர்க்கும் அன்றே நிர்வாகத்திடம் கேளுங்கள்: "ஏழைகளுக்கு எத்தனை இடம்? யார் தேர்வு செய்கிறார்கள்? கணக்கு எங்கே?" நீங்களே ஒரு பிள்ளையின் செலவை ஏற்க முன்வாருங்கள்.

இளைஞர்களே! விடுதி மாணவர்களுக்கும் 25 சதவீதம் பொருந்தும்படி சட்டத்தைத் திருத்தக் கோரி உங்கள் தொகுதி எம்.பி.யிடம் மனு கொடுங்கள். வருமானத்துக்கேற்ற கட்டணத்தைக் கோருங்கள்.

அநாதைக்காகத் திறந்த கதவு அது. மீண்டும் திறக்கும் வரை தட்டுவோம்!