பொறுமை கைகட்டி நிற்பதன்று

நம் வீடுகளில் ஒரு துன்பம் நேர்ந்துவிட்டால், அண்டை அயலார் வந்து முதலிற் சொல்லும் சொல் “ஸபுறு” என்பதாகும். மையத்து வீட்டிலும் அதுவே. தீராத நோயாளியின் படுக்கையருகிலும் அதுவே. வியாபாரம் நொடித்துப் போனவனிடத்திலும் அதுவே. “ஸபுறு செய்யுங்க மகள், அல்லாஹ் இருக்கிறான்” என்று முதியவர் ஒருவர் கூறும்போது, அச்சொல் புண்ணுக்கு இட்ட மருந்துபோல இதமளிப்பதும் உண்மையே. ஆயின், துன்பம் ஒரு மாதத்தில் நீங்காமல் ஓராண்டு, ஈராண்டு, பத்தாண்டு என்று நீளுமாயின், அதே சொல் கேட்டுக் கேட்டுச் சலித்த காதில் “வாய்மூடி இரு” என்பதுபோல் ஒலிக்கத் தொடங்குகின்றது. ஆகவே, நெடுங்காலத் துன்பத்தில் உழலும் ஒருவருக்கு இஸ்லாம் கற்பிக்கும் பொறுமை எத்தகையது என்பதை இவ்வாரம் சிறிது ஆராய்ந்து பார்ப்போம்.

அறபு மொழியில் இச்சொல்லின் வேரை நோக்கின், தடுத்து நிறுத்தல், கட்டுப்படுத்தல் என்பனவே அதன் முதற்பொருளாம். சரிந்து விழப்போகும் உள்ளத்தை விழாமற் பிடித்து நிறுத்துவதே ஸபுறு ஆகும். வணக்கத்தில் நிலைத்திருத்தல், பாவத்தினின்று தன்னைத் தடுத்துக் கொள்ளல், சோதனையைத் தாங்கிக் கொள்ளல் என்று மார்க்க அறிஞர்கள் இதனை மூவகையாகப் பகுப்பர். மூன்றிலும் மனிதன் ஏதோ ஒன்றைச் செய்துகொண்டிருக்கின்றான் என்பதைக் கவனித்தல் வேண்டும். 1111ஆம் ஆண்டில் இறையடி சேர்ந்த இமாம் கஸ்ஸாலி அவர்கள், தமது “இஹ்யா உலூமித்தீன்” என்னும் பெருநூலில், பொறுமைக்கும் நன்றியுணர்வுக்கும் சேர்த்து ஒரு தனிப் பகுதியையே வகுத்துள்ளார்கள். இவ்விரண்டையும் அவர்கள் ஒருங்கே வைத்துப் பேசியது சிந்தனைக்குரியதாகும்.

நீண்ட துன்பத்தைப் பற்றிப் பேசுங்கால், நபி யஃகூப் (அலை) அவர்களே முதலில் நினைவுக்கு வருகின்றார்கள். அருமை மகன் யூஸுபை இழந்த அந்தத் தந்தை, தாம் அழகிய பொறுமையைக் கைக்கொள்வதாகக் கூறினார்கள். அப்பொறுமை எவ்வாறு இருந்தது? அவர்கள் அழாமல் இருந்தார்களா? இல்லை. துயர மிகுதியினால் அவர்களுடைய கண்களே வெளுத்துப் போயின என்று திருக்குர்ஆன் கூறுகின்றது. அவர்கள் முறையிடாமல் இருந்தார்களா? அதுவும் இல்லை. தமது துக்கத்தை இறைவனிடத்திலேயே முறையிட்டார்கள். எல்லாம் விதி என்று தேடுவதை விட்டார்களா? பல்லாண்டுகள் கழிந்த பின்னரும், யூஸுபையும் அவருடைய தம்பியையும் தேடிச் செல்லுமாறு தம் மக்களை அனுப்பினார்கள்; இறைவனின் அருளில் நம்பிக்கை இழத்தலாகாது என்றும் அவர்களுக்கு அறிவுறுத்தினார்கள். கண்ணீர், பிரார்த்தனை, தேடல், நம்பிக்கை ஆகிய நான்கும் அழகிய பொறுமை என்ற அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருத்தலைக் காண்கின்றோம்.

அழுகையைப் பொறுமையின்மை என்று கருதுவோர் இன்றும் உளர். நபிகள் பெருமானார் (ஸல்) அவர்களின் மகன் இப்றாஹீம் குழந்தைப் பருவத்திலேயே உயிர் நீத்தபோது, பெருமானாரின் கண்களினின்று நீர் வழிந்தது. அதனைக் கண்டு அருகிலிருந்த தோழர் வியப்புற்று வினவியபோது, அது இரக்கத்தின் அடையாளம் என்றே அவர்கள் விளக்கினார்கள். மார்பில் அடித்துக்கொண்டும், ஆடையைக் கிழித்துக்கொண்டும் ஓலமிடுவதையே அவர்கள் விலக்கினார்கள். ஆகவே, துன்பத்தில் ஆழ்ந்திருப்பவரின் கண்ணீரைக் கண்டு அவருடைய ஈமானை அளந்து பார்க்க நமக்கு உரிமையில்லை.

இனி மற்றொன்றையும் நோக்குவோம். மிக நலிந்த நிலையில் இருந்த மூவருக்கு இறைவன் உதவிய வரலாறுகள் நம்மிடையே உள்ளன. நோயினால் நெடுங்காலம் வாடிய நபி ஐயூப் (அலை) அவர்களுக்கு, காலினால் நிலத்தைத் தட்டுமாறு கட்டளை வந்தது. அதன் பின்னரே குளிர்ந்த நீர் வெளிப்பட்டது. பேரீச்ச மரத்தடியில் பேறுகால வேதனையில் தனித்துக் கிடந்த மர்யம் (அலை) அவர்களிடம், மரத்தின் அடியைப் பிடித்து உலுக்குமாறு சொல்லப்பட்டது; அதன் பின்னரே கனிகள் உதிர்ந்தன. பாலை வெளியில் பச்சிளங் குழந்தையுடன் விடப்பட்ட அன்னை ஹாஜர் (அலை) அவர்கள், நீர் தேடி ஸபா, மர்வா என்னும் இரு குன்றுகளுக்கிடையே ஏழு முறை ஓடினார்கள். அதன் பின்னரே ஸம்ஸம் ஊற்றெடுத்தது. நோயாளியின் காலசைவினால் ஊற்றுப் பிறப்பதில்லை. பேறுகாலப் பெண்ணின் கைவலிமையினால் பேரீச்ச மரம் அசைவதுமில்லை. எனினும், இயன்ற அளவு சிறு முயற்சி ஒன்றை இறைவன் அவர்களிடமிருந்து வேண்டினான். பலன் தருவதைத் தன் பொறுப்பில் வைத்துக்கொண்டான்.

அன்னை ஹாஜரின் ஓட்டத்தில் இன்னொரு நுட்பமும் உண்டு. அவர்கள் தேடி ஓடிய குன்றுகளின் மீது நீர் கிடைக்கவில்லை. அவர்கள் விட்டு வந்த இடத்தில், குழந்தையின் அருகிலேயே அது வெளிப்பட்டது. எனினும் அந்த ஓட்டம் வீண்போனதாக எவரும் கூறுவதில்லை. அக்குன்றுகளுக்கிடையே உள்ள தூரம் ஏறத்தாழ 450 மீற்றர் ஆகும். இன்றும் ஹஜ்ஜுக்கும் உம்றாவுக்கும் செல்லும் ஒவ்வொருவரும், அரசரேயாயினும் அறிஞரேயாயினும், கலங்கிய ஒரு தாயின் அடிச்சுவட்டில் ஏழு முறை நடந்தே ஆகவேண்டும். திருக்குர்ஆனின் பகறா அத்தியாயத்தில், அச்சத்தாலும் பசியாலும் உடைமை, உயிர் இழப்புகளாலும் மனிதர் சோதிக்கப்படுவர் என்பதையும், பொறுமையாளருக்கு உரிய நற்செய்தியையும் கூறும் வசனங்களை அடுத்தே, ஸபா, மர்வா பற்றிய 158ஆம் வசனம் வருகின்றது. பொறுமையைப் பற்றிய பேச்சை அடுத்து ஓடிய ஒருத்தியின் நினைவு வைக்கப்பட்டிருத்தலை எண்ணி எண்ணி இன்புறலாம்.

இவையெல்லாம் பழங்கால வரலாறுகள் என்று எண்ணிவிட வேண்டா. நம் நாட்டிலேயே, நம் காலத்திலேயே, இத்தகைய பொறுமையைக் காட்டிய ஒரு மக்கட் கூட்டம் உண்டு. 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், வட மாகாணத்து முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேரைத் தமிழீழ விடுதலைப் புலிகள் அவர்தம் ஊர்களினின்று வெளியேற்றினர். ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் ஒஸ்மானியா கல்லூரி மைதானத்திற்கு அழைக்கப்பட்டு, இரண்டு மணி நேரத்துள் நீங்கிவிடுமாறு பணிக்கப்பட்டனர். மன்னாரைச் சேர்ந்தோர் பலர் படகேறிக் கற்பிட்டிக் கரையை அடைந்தனர். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வீடும், கடையும், தோட்டமும், பள்ளிவாசலும் பின்னால் நின்றன. உடுத்த உடையும் சிறுதொகைப் பணமுமே பலருக்கு உடன் வந்தவை.

சில வாரங்களில் திரும்பிவிடலாம் என்ற எண்ணத்துடனேயே அவர்களிற் பலர் புத்தளம் மாவட்டத்தில் தங்கினர். அந்தச் சில வாரங்கள் 19 ஆண்டுகளாயின. 2002ஆம் ஆண்டின் போர்நிறுத்தத்தின்போது சிலர் சென்று பார்த்தனர். 2009ஆம் ஆண்டில் போர் முடிந்த பின்னரே பலருக்கு வழி திறந்தது. அப்போது முகாமில் பிறந்த குழந்தைகள் வாலிபராகியிருந்தனர். ஊரை நினைத்தவாறே முதியோர் பலர் கண்மூடியிருந்தனர். திரும்பியோருக்கும் இடிந்த வீடுகளும் காடு மண்டிய காணிகளுமே எஞ்சியிருந்தன.

இவ்வளவு காலமும் அம்மக்கள் கைகட்டி இருந்தார்களா? கிடுகுக் கொட்டில்களில் வாழ்ந்துகொண்டே பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பினார்கள். நேற்று வரை கடை முதலாளியாக இருந்தவர் தோட்டங்களிற் கூலி வேலைக்குச் சென்றார். முகாமில் ஐவேளைத் தொழுகை நடந்தது, சிறுவர்கள் குர்ஆன் ஓதினார்கள், கலியாணங்கள் நடந்தேறின. அதே வேளையில், தமக்கு இழைக்கப்பட்ட அநீதியை எடுத்துரைக்கவும், வாக்குரிமையையும் காணியுரிமையையும் கேட்டு விண்ணப்பிக்கவும் அவர்கள் தயங்கவில்லை. அவர்களுடைய வரலாறு ஒரு பிரஜைகள் ஆணைக்குழுவின் அறிக்கையாக 2011ஆம் ஆண்டில் வெளிவந்தது. நீதி கேட்பது பொறுமைக்கு மாறானதன்று என்பதற்கு இம்மக்களின் வாழ்வே சான்றாகும். யஃகூப் நபி தம் மக்களைத் தேடி அனுப்பியது போன்றதே இதுவும்.

இவ்விடத்தில் புத்தளத்து மக்களையும் நினைவுகூர்தல் கடமையாகும். தம் ஊருக்கு ஓரிரு நாட்களில் வந்திறங்கிய பல்லாயிரவரை அவர்கள் வரவேற்று, சமைத்த உணவை அளித்து, பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்துவிட்டார்கள். மக்காவினின்று வந்த முஹாஜிர்களை மதீனத்து அன்ஸார்கள் ஏற்ற வரலாறு அன்று நினைவுக்கு வந்திருக்கும். காலம் நீள நீள, தண்ணீர், தொழில், பாடசாலை இடம் என்பவற்றில் நெருக்கடிகள் தோன்றி மனக்கசப்புகளும் எழுந்தன என்பதை மறைத்தல் தகாது. விருந்தளித்தல் சில நாட்களுக்கு எளிது. பல்லாண்டுகள் பங்கிட்டு வாழ்தல் அரிது. ஆகவே, நீண்ட துன்பம் துன்புறுவோரின் பொறுமையை மட்டுமன்றி அயலாரின் பொறுமையையும் சோதிக்கின்றது.

இதனாலன்றோ திருக்குர்ஆனின் அஸ்ர் என்னும் சிறிய அத்தியாயம், பொறுமையை ஒருவருக்கொருவர் எடுத்துரைக்கும் கடமையாகக் கூறுகின்றது! பலத் என்னும் அத்தியாயமோ பொறுமையுடன் இரக்கத்தையும் இணைத்தே பேசுகின்றது. “ஸபுறு செய்யுங்க” என்று சொல்லிவிட்டு வெறுங்கையுடன் வீடு திரும்புபவர் பாதிக் கடமையையே செய்தவராவார். அரிசி முடிந்த வீட்டில் அச்சொல்லோடு ஒரு கொத்து அரிசியும் செல்லல் வேண்டும். நோயாளியைப் பராமரித்துக் களைத்த மனைவியிடம் அச்சொல்லைக் கூறுமுன், ஓரிரவேனும் அவளுக்குப் பதிலாக விழித்திருக்க ஆள் தேடித் தரவேண்டும். உதவியோடு வரும்போதே அறிவுரை இனிக்கும்.

துன்புறுவோருக்கு இம்மார்க்கம் அளிக்கும் மற்றொரு துணை தொழுகையாகும். பொறுமையையும் தொழுகையையும் சேர்த்து உதவிக்கு நாடுமாறு இறைமறை பணிக்கின்றது. இதில் வாழ்க்கை அனுபவத்துக்கு ஒத்த உண்மை ஒன்று பொதிந்துள்ளது. பத்தாண்டுத் துன்பத்தை ஒருங்கே நினைப்பின் எவர் மனமும் தளரும். ஆயின், நாளோ ஐந்து வக்துகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. சுபஹிலிருந்து ளுஹர் வரை தாங்குவோம் என்று ஒருவர் உறுதி கொள்ளலாம். ளுஹர் வந்ததும் தலையைத் தரையில் வைத்து, மனத்திலுள்ளதை இறக்கி வைத்துவிட்டு, அஸர் வரை நடக்கலாம். இரவில் இஷா முடிந்ததும் ஒரு நாள் கழிந்தது என்று நன்றி கூறலாம். பொறுமையோடு நன்றியை இமாம் கஸ்ஸாலி சேர்த்து வைத்தமையின் பொருள் அப்போது நமக்கு விளங்கும்.

இறுதியாக ஒன்று. கஷ்டத்துடன் இலகுவும் உண்டு என்னும் கருத்தை, இன்ஷிறாஹ் அத்தியாயம் அடுத்தடுத்து இரு முறை வலியுறுத்துகின்றது. அங்குள்ள அறபுச் சொல் “பின்னர்” என்று பொருள்படுவதன்று. “உடன்” என்றே பொருள்படுவதாகும். கஷ்டம் முற்றும் தீர்ந்த பின்னர்தான் இலகு வரும் என்று காத்திருப்போருக்கு, அருகில் நிற்கும் இலகு கண்ணிற் படுவதில்லை. கிடுகுக் கொட்டிலில் படித்துத் தேறிய பிள்ளை, கேளாமலே வந்து தண்ணீர்க்குடம் வைத்த அயற்பெண், வலி குறைந்த ஓரிரவு, தொழுகைப் பாயில் கிடைத்த ஒரு கண நிம்மதி ஆகிய யாவும் கஷ்டத்தோடு கூடவே அனுப்பப்பட்ட இலகுகளேயாம். அவற்றை அடையாளங் கண்டுகொள்ளும் கண்ணே ஈமான் தரும் நம்பிக்கை.

ஆகவே, துன்பத்தில் உழலும் சகோதர சகோதரிகளே, அழவேண்டின் அழுங்கள், இறைவனிடம் முறையிடுங்கள், உரிமையைக் கேளுங்கள், இயன்ற சிறு முயற்சியை விடாது செய்யுங்கள், விளைவை அவனிடம் ஒப்படையுங்கள். துன்பமின்றி வாழும் அன்பர்களே, பொறுமையைப் போதிக்கச் செல்லும்போது கையில் ஏதேனும் கொண்டு செல்லுங்கள். அல்லாஹ் நம் அனைவருக்கும் அழகிய பொறுமையை அருள்வானாக! ஆமீன்.