பலிபீடமும் கம்பம் திராட்சையும்

ஏரியும் நெல்வயலுமாக வாழும் உத்திரமேரூர்ப் பகுதி இறைமக்களாகிய நமக்குத் திராட்சைத் தோட்டம் என்பது விவிலியத்தில் கேட்ட காட்சி. ஆனால் தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கில் எத்தனையோ குடும்பங்களுக்கு அதுவே பிழைப்பு. அங்கு விளையும் பன்னீர் திராட்சைக்கு 2023-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. இந்தக் கொடியை 19-ஆம் நூற்றாண்டில் தமிழகத்திற்குக் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுக் குருவானவர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அந்நியக் கொடிதானே என்று சொல்ல முடியாது. நம் வீட்டு மிளகாயும் கடல் கடந்து வந்ததுதான்!

குறியீடு வந்தும் விவசாயியின் கவலை தீரவில்லை. மெல்லிய தோல் கொண்ட பழம். பறித்தபின் நெடுநாள் தாங்காது. வரத்து மிகுந்த நாளில் வியாபாரி சொன்னதே விலை. இரசமாக்கினால் பழம் வீணாகாது. மகாராஷ்டிரம் 2001-இல் தனிக் கொள்கை வகுத்துத் திராட்சை இரச ஆலைகளுக்கு வரிச்சலுகை தந்தது, நாசிக் வளர்ந்தது. இங்கோ 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனை டாஸ்மாக் வசம். சிறு குடும்பம் ஒன்று தன் தோட்டத்துப் பழத்தைப் பிழிந்து விற்க வழி குறுகியது.

குடியால் சிதையும் வீடுகளை அன்றாடம் காணும் நாம் இன்னொரு மதுக்கடையைக் கேட்கவில்லை. ஆனால் திருப்பலிக்கும் இரசம் வேண்டும். அது வேறெதுவும் கலவாத தூய திராட்சை இரசமாக இருக்கவேண்டும் என்று 2004-இல் வத்திக்கான் மீண்டும் வலியுறுத்தியது. தமிழக மறைமாவட்டங்கள் ஒன்றுசேர்ந்து தங்கள் ஆண்டுத் தேவையைக் கணக்கிட்டு, உரிமம் பெற்ற ஆலை வழியாகக் கம்பம் பழத்திலேயே அதைத் தயாரிக்கச் சொல்லலாம். அளவு சிறிதுதான். ஆனாலும் பறிக்குமுன்பே விலை பேசப்பட்ட பழம், விவசாயிக்குப் பெரிய ஆறுதல்.