200 வந்தால் போதுமா?

வாலாட்டிக் குருவியைப் பார்த்திருப்பீர்கள். தரையில் ஓடி ஓடிப் பூச்சி பிடிக்கும். நின்றாலும் வால் மட்டும் சும்மா இருக்காது. ஆங்கிலத்தில் வாக்டெய்ல். இதே பெயரில் வெப்சைட் நடத்த ஒரு சாஃப்ட்வேர் உண்டு. லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டுக்காக டார்ச்பாக்ஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனி பைத்தானில் எழுதி, 2014-ல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது.

அதை அடியில் தாங்குவது ஜாங்கோ. அமெரிக்காவின் கன்ஸாஸ் மாநிலத்தில், லாரன்ஸ் என்ற ஊரின் பத்திரிகை ஆபீஸில் உருவாகி 2005-ல் வெளியே வந்தது. பெயர், கிடார் கலைஞர் ஜாங்கோ ரெயின்ஹார்ட்டினுடையது. தீ விபத்தில் இடது கையில் இரண்டு விரல்கள் முடங்கிய பிறகும் மிச்ச விரல்களால் அசத்தியவர். ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ளும் புரோகிராமர்கள் அவரை நினைத்து ஆறுதல் அடையலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஆபீஸில் ஒரு தம்பி. பெயர் வேண்டாம், பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஏழை மாணவர்களுக்கு உதவித்தொகை தரும் ஒரு டிரஸ்ட்டுக்கு வாக்டெய்லில் வெப்சைட் செய்து கொடுத்திருந்தான். விண்ணப்பப் பக்கம் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருக்கும். கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் டிரஸ்ட்டிலிருந்து போன்.

"ஒரு அப்ளிகேஷன்கூட வரலையே! ஆனா ஒருத்தர் வந்து, 'எம் பொண்ணு அனுப்பிப் பத்து நாளாச்சுங்க, பதிலே காணோம்'னு நிக்கறார்."

தம்பி என்னிடம் ஓடி வந்தான். "சார், ஃபார்ம்ல தப்பே இல்ல. சப்மிட் அடிச்சா 200 வருது!"

200 என்பது சர்வர் பாஷையில் 'எல்லாம் நலம்'. கோளாறே அங்கேதான்.

வாக்டெய்லில் ஃபார்முக்கென்றே ரெடிமேட் பக்க வகை இருக்கிறது. அது விண்ணப்பத்தை வாங்கி, சரிபார்த்து, தானே சேமித்துக்கொள்ளும். தம்பிக்கு அந்த அமைப்பு பிடிக்கவில்லை. சாதாரணப் பக்கம் ஒன்றில் சொந்தமாக ஃபார்ம் வைத்துவிட்டான். சாதாரணப் பக்கத்தில் 'சர்வ்' என்கிற மெதட், வந்தவர் பக்கத்தைப் பார்க்க வந்தாரா, விவரம் கொடுக்க வந்தாரா என்று கேட்கவே கேட்காது. இரண்டுக்கும் பக்கத்தைக் காட்டிவிட்டு 200 சொல்லும். மனுவைக் கையால் தொடாமலே புதுப் படிவத்தைப் புன்னகையோடு நீட்டும் கவுன்டர் ஆசாமியை நினைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நம்பிவிட்டார்கள்.

சிகிச்சை: அந்த 'சர்வ்' மெதடை நாமே எழுத வேண்டும். போஸ்ட் வந்தால் விவரத்தை ஃபார்மில் போட்டு, சரிபார்த்து, சேமித்து, பிறகு நன்றிப் பக்கத்துக்கு ரீடைரக்ட். ரீடைரக்ட் இல்லாவிட்டால், ரெஃப்ரெஷ் அடிக்கிற புண்ணியவான் இரண்டாவது முறையும் விண்ணப்பித்துவிடுவார்.

அதோடு முடியவில்லை. தப்பான போன் நம்பர் கொடுத்தால் எச்சரிக்கையே வரவில்லை. சரிபார்த்த ஃபார்மைக் கீழே போட்டுவிட்டு, டெம்ப்ளேட்டுக்குப் புதுசாய் ஒரு காலி ஃபார்மை அனுப்பியிருந்தான். மார்க் ஷீட் ஸ்கேனும் வரவில்லை. ஃபைல் அனுப்பும் ஃபார்மில் 'மல்டிபார்ட்' என்று குறிப்பிடாவிட்டால் ஃபைலின் பெயர்தான் வரும், ஃபைல் வராது. சிஎஸ்ஆர்எஃப் டோக்கனை மட்டும் மறக்கவில்லை. மறந்திருந்தால் ஜாங்கோ 403 என்று கதவைச் சாத்தியிருக்கும். முதல் நாளே குட்டு வெளிப்பட்டிருக்கும். சில சமயம் முகத்திலறைகிற எரரே உத்தமம்.

போன விண்ணப்பங்கள்? சர்வர் லாகில் யாரோ எத்தனை மணிக்கு அனுப்பினார்கள் என்பது மட்டும் இருந்தது. பெயரில்லை, ஊரில்லை. டிரஸ்ட் ஒரு வாரம் அவகாசம் நீட்டி, கல்லூரிகளுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னது. அந்த அப்பாவின் பெண் மறுபடி அனுப்பினாள். இந்தத் தடவை கையில் ஒப்புகை நம்பர். ஆனால் ஒருமுறை அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்து, இந்தச் செய்தி காதில் விழாமல் போன பிள்ளை யாராவது இருந்தால்? அதற்கு எந்த லாகிலும் பதில் இல்லை.

ஆகவே ஃபார்ம் எழுதும் இளைஞர்களே, பக்கம் திரும்ப வருகிறதா என்று பார்க்காதீர்கள். டேட்டாபேஸில் வரி விழுந்ததா என்று பாருங்கள். வால் ஆடுவது முக்கியமில்லை, பூச்சி சிக்கியதா?

தம்பி திருந்திவிட்டான். போன வாரம் பெண் வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் ஜாதகம் அனுப்பியிருக்கிறான். இரண்டு நீல டிக் விழுந்த பிறகும் போன் போட்டு, "கிடைச்சுதுங்களா? திறந்து பார்த்தீங்களா? என் பேரு சரியா வந்திருக்கா?" என்று கேட்டானாம்.