பழைய அம்பாசடருக்குப் புதிய கண்

பொழுது சாய்ந்த பிறகு பவானிபூரில் ஹரீஷ் முகர்ஜி ரோட்டையோ ஆசுதோஷ் முகர்ஜி ரோட்டையோ நடந்து கடப்பவர்களுக்கு இது பழகிப்போன தொல்லை. எதிரே வருவது பஸ்ஸா, லாரியா, டாக்சியா என்று கண்டுபிடிக்க முடியாதபடி வெள்ளை வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது. கையை நெற்றியில் வைத்துக்கொண்டு நிற்கிறோம். அருகில் வந்த பிறகுதான் அது ஒரு பழைய அம்பாசடர் என்று தெரிகிறது. உடம்பு கிழடு, கண் மட்டும் புதிது!

அம்பாசடர் கல்கத்தாவின் சொந்தப் பிள்ளை. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மாடலை அடிப்படையாகக் கொண்டு ஹௌராவுக்கு அப்பால் உத்தர்பாராவில் ஐம்பதுகளின் இறுதியில் தொடங்கிய உற்பத்தி 2014 மே மாதம் நின்றது. வண்டி நின்றதே தவிர, ஓட்டம் நிற்கவில்லை. பதினைந்து வயது தாண்டிய வாடகை வண்டிகள் மாநகரில் ஓடக் கூடாது என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2008 இல் உத்தரவிட்டது. அந்தக் கணக்குப்படி, கடைசியாக வந்த அம்பாசடர் டாக்சிகளுக்கு 2029 வரை ஆயுள். விற்க மனமில்லாமல் வீட்டு வாசலில் வைத்துக்கொண்டிருக்கும் சொந்த வண்டிக்காரர்கள் வேறு இருக்கிறார்கள்.

இவர்கள் விளக்கை மாற்றுவதில் தவறில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அம்பாசடரின் பழைய முகப்பு விளக்கு உண்மையிலேயே மங்கல்தான். டிசம்பர், ஜனவரி மூடுபனியில் டயமண்ட் ஹார்பர் ரோட்டில் ஓட்டிப் பார்த்தவர்கள் அதை ஒப்புக்கொள்வார்கள். பிழைப்புக்காக இரவெல்லாம் ஓட்டுகிறவன் நல்ல வெளிச்சம் கேட்பது நியாயமே. ஆனால் அதை எப்படிப் பெறுவது என்பதில்தான் கோளாறு. கடையில் இருப்பதிலேயே பிரகாசமான பல்பை வாங்கிப் பழைய கிண்ணத்தில் செருகிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். மல்லிக் பஜாரில் பழைய சாமான் விற்பவர்களும் அதைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள்.

பழைய வண்டியில் வெளிச்சம் குறைவதற்கு முக்கியமான காரணம் பல்பு அல்ல, வயர். பேட்டரியிலிருந்து கிளம்பும் மின்சாரம் டாஷ்போர்டு சுவிட்சுக்குப் போய், அங்கிருந்து டிப்பர் சுவிட்சுக்குப் போய் (பழைய மாடல்களில் அது காலால் மிதிப்பது), பிறகு வண்டியின் மூக்குக்குத் திரும்பி வர வேண்டும். வழியெல்லாம் துருப் பிடித்த இணைப்புகள், இருபது வருஷத்து வயர். பன்னிரண்டு வோல்ட்டில் கிளம்பியது பல்பைத் தொடும்போது பதினொன்றுக்கும் கீழே இறங்கியிருக்கும். இழை பல்பில் மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் பத்தில் மூன்று பங்கு குறைந்துவிடும். ஆகவே முதலில் செய்ய வேண்டிய வேலை, பேட்டரியிலிருந்து விளக்குக்கு நேராகத் தடித்த வயர் இழுத்து, நடுவில் ஒரு பியூசும் பிரைட்டுக்கு ஒன்று, டிம்முக்கு ஒன்று என்று இரண்டு ரிலேயும் வைப்பது. சுவிட்சு இனி ரிலேயைத் தட்டிவிட்டால் போதும். விளக்கின் முழு மின்சாரத்தையும் அது சுமக்க வேண்டியதில்லை. இங்கே மிஸ்திரி என்று அழைக்கப்படும் மெக்கானிக்குக்கு இது அரை நாள் வேலை. செலவும் சில நூறு ரூபாய்க்குள் அடங்கும். அதே பல்பு அன்றைக்கே வேறு பல்புபோல எரிவதைப் பார்க்கலாம்.

இதைச் செய்யாமல் நூறு வாட் பல்பைப் போடுகிறவர்களும் உண்டு. கணக்கைப் பாருங்கள். சட்டத்துக்கு உட்பட்ட ஹாலஜன் பல்பு பிரைட்டில் 60 வாட், டிம்மில் 55 வாட். பிரைட்டில் இரண்டு விளக்குக்கும் சேர்த்துப் பத்து ஆம்பியர் ஓடும். நூறு வாட் பல்பென்றால் அது பதினேழுக்குப் பக்கத்தில் வந்துவிடும். அந்தப் பழைய சுவிட்சு எப்படித் தாங்கும்? ஹோல்டர் உருகும், ரிப்ளெக்டர் கருகும், சில சமயம் வயரே புகையும். வெளிச்சத்துக்கு ஆசைப்பட்டு வண்டியையே கொளுத்திக்கொள்வானேன்?

இப்போது எல்.இ.டி. காலம். பழைய ஹாலஜன் ஹோல்டரிலேயே உட்காரும்படி எல்.இ.டி. பல்புகள் குவிந்து கிடக்கின்றன. கண் கூசும் தொல்லை பெரும்பாலும் இவற்றால்தான். ஹாலஜன் பல்புக்குள் இரண்டு இழைகள் இருக்கின்றன. டிம் இழைக்கு அடியில் கரண்டிபோல ஒரு சிறு தகடு, கீழ்நோக்கிப் போகும் ஒளியை மறைக்கிறது. அந்த ஒளி ரிப்ளெக்டரின் கீழ்ப்பாதியில் பட்டால் மேலே எழும்பி எதிரே வருபவனின் கண்ணுக்குத்தான் போகும். இழை எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த இடத்தை வைத்தே கிண்ணத்தின் வளைவைக் கணக்கிட்டுச் செய்திருக்கிறார்கள். மலிவான எல்.இ.டி. பல்பில் ஒளிப்புள்ளி அதே இடத்தில் இருப்பதில்லை. தகடும் சரியாக அமைவதில்லை. ஒளி நாலா பக்கமும் சிதறுகிறது. பானட்டுக்கு முன்னால் பளீரென்று இருப்பதால் ஓட்டுகிறவனுக்குத் திருப்தி. தூரத்துக் குழி அவனுக்கும் தெரிவதில்லை என்பதுதான் வேடிக்கை.

எல்.இ.டி.தான் வேண்டும் என்றால் கிண்ணம், கண்ணாடி, விளக்கு மூன்றும் ஒன்றாக எல்.இ.டி.க்கென்றே செய்த ஏழு அங்குல வட்ட விளக்கு கிடைக்கிறது. அம்பாசடரின் குழியில் அது அளவாக உட்காரும். ஆனால் வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்க ஜீப்புக்காகச் செய்த விளக்கும் இதே ஏழு அங்குலந்தான். அந்த நாட்டில் வண்டி வலப் பக்கம் ஓடுவதால் அதன் டிம் வெளிச்சம் வலப் புறம் ஏறும்படி அமைந்திருக்கும். நம் சாலையில் அது நேராக எதிர் வண்டிக்காரனின் முகத்துக்கே போகும். இடப் பக்கம் ஓடும் நாட்டுக்கானதுதானா என்று கேட்டு வாங்குங்கள். கடைக்காரருக்குத் தெரியவில்லை என்றால் வேறு கடைக்குப் போவதே உத்தமம்.

எந்த விளக்கானாலும் அதைத் திருப்பி வைக்கும் கோணம் சரியாக இருக்க வேண்டும். சமதரையில் சுவரிலிருந்து 25 அடி தள்ளி வண்டியை நிறுத்தி, விளக்கின் நடு உயரத்தைச் சுவரில் சாக்பீஸால் குறித்துக்கொண்டு டிம்மில் எரிய விட வேண்டும். வெளிச்சத்தின் மேல்விளிம்பு அந்தக் கோட்டுக்கு மூன்று அங்குலம் கீழே விழுந்தால் சரி. டயரில் காற்று அளவாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அம்பாசடருக்கு இன்னொரு வியாதியும் உண்டு. பின்பக்கத்துப் பட்டை ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். சென்னை மெயிலில் வந்திறங்கும் ஒரு குடும்பம் ஐந்து பேராக ஏறி, டிக்கியில் பெட்டிகளையும் அரிசி மூட்டையையும் திணித்தால் பின்பக்கம் அமுங்கி மூக்கு வானத்தைப் பார்க்கும். காலி வண்டியில் சரியாக இருந்த விளக்கு ஹௌரா பாலத்தில் எல்லோர் கண்ணையும் குத்தும். ஸ்பிரிங்கைச் சரி செய்யாமல் விளக்கை மட்டும் சரி செய்வதில் பாதிப் பயன்தான்.

சட்டம் இல்லாமலில்லை. விளக்குக்கு எட்டு மீட்டர் முன்னால், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் கண் இருக்கும் ஒருவருக்குக் கூசாதபடி ஒளி கீழ்நோக்கியே இருக்க வேண்டும் என்று 1989 ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. ஒன்றரை மீட்டர் என்பது ஏறக்குறைய நம் வீட்டுப் பெண்கள் நடந்துபோகும்போது கண் இருக்கும் உயரம். முன்பெல்லாம் இதற்காகவே விளக்கின் மேல்பாதியில் கறுப்புப் பெயிண்டு பூசியிருப்பார்கள். ரயிலிலும் இந்த நாகரிகம் உண்டு. இரட்டைப் பாதையில் எதிரே வண்டி வந்தால் எஞ்சினின் முகப்பு விளக்கை டிம் செய்ய வேண்டும் என்பது ரயில்வேயின் பொது விதி. தண்டவாளத்தை விட்டு விலக வழியில்லாத எஞ்சினுக்கே அப்படி என்றால், எங்கும் திரும்பக்கூடிய டாக்சிக்கு எவ்வளவு வேண்டும்?

சாகப்போகும் வண்டிக்கு எதற்குச் செலவு என்று கேட்கும் சொந்தக்காரர்களுக்கு ஒரு பதில்தான். வண்டிக்கு ஆயுள் குறைவு. அதன் முன்னால் சாலையைக் கடக்கிறவருக்கு அப்படி இல்லை. கண்புரை வந்த பெரியவர்களுக்கு ஒரு தடவை கூசினால் மறுபடி பார்வை தெளியச் சில விநாடிகள் ஆகும். அதற்குள் வண்டி பல கஜம் ஓடிவிடும்.

போலீசார் அவ்வப்போது வண்டிகளை நிறுத்தி அபராதம் போடுவதோடு சரி. அபராதம் கட்டிய டிரைவர் அதே விளக்கோடுதான் வீட்டுக்குப் போகிறான். மாநிலப் போக்குவரத்துத் துறை நினைத்தால் புகைச் சோதனை செய்யும் நிலையங்களிலேயே ஒரு வெள்ளைச் சுவரையும் தரையில் ஒரு கோட்டையும் ஏற்பாடு செய்து, புகைச் சீட்டு வாங்க வரும் ஒவ்வொரு வண்டியின் விளக்கையும் அங்கேயே ஸ்குரூவைத் திருப்பிச் சரி செய்து அனுப்பலாம். கூட ஆகும் நேரம் ஐந்து நிமிஷம். லால்பஜார் இதற்கு ஆதரவு தந்தால், மூடுபனி தொடங்குவதற்கு முன், பூஜை விடுமுறை முடிந்த கையோடு ஆரம்பிக்கலாம். முதல் சுவரை பவானிபூரிலேயே எழுப்பட்டும்.